மின்காந்தத் துடிப்புத் தாக்குதலும் ஒகேனக்கல் தண்ணீரும்: தர்மபுரி, கிருஷ்ணகிரி மக்கள் கேட்ட கேள்விகள்

பென்னாகரம் பக்கம் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். 2025 மே 7-ல் நாடு முழுக்க சிவில் பாதுகாப்பு ஒத்திகை நடந்ததே, அப்போதிருந்து எங்கள் பக்கத்து வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றிக்கொண்டே இருக்கிறது: "வானத்தில் ஒரே ஒரு குண்டு வெடித்தால் போதும், நாடு முழுக்க கரண்ட் போய்விடும், வருடக்கணக்கில் வராது." இதில் எது உண்மை, அரசாங்கம் என்ன செய்கிறது என்று கேட்டு ஆட்கள் வீட்டுக்கே வந்தார்கள். ஒரு சாயங்காலம் நூலகத்தில் உட்கார்ந்து பேசினோம். அங்கே வந்த கேள்விகளும், அப்புறம் போனில் வந்தவையும் கீழே இருக்கின்றன. கேட்டவர்களின் வார்த்தையிலேயே முடிந்தவரை விட்டிருக்கிறேன்.

சார், மின்காந்தத் துடிப்பு என்றால் சுருக்கமாக என்ன?

அணுகுண்டு ஒன்று காற்று மண்டலத்துக்கு மேலே, 30 கிலோமீட்டருக்கும் அதிக உயரத்தில் வெடிப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அந்த உயரத்தில் அதன் வெப்பமோ அதிர்வோ நம்மை வந்து தொடாது. ஆனால் வெடித்த கணத்தில் காமா கதிர்கள் கீழே பாயும். அவை மேல் வளிமண்டலத்துக் காற்றணுக்களில் மோதி எலக்ட்ரான்களைப் பிடுங்கி வீசும். பிளஸ் டூ பாடத்தில் காம்ப்டன் பெயரைப் படித்திருப்பீர்கள், அவர் கண்டுபிடித்த விளைவுதான் இது. இப்படிக் கோடானுகோடி எலக்ட்ரான்கள் பூமியின் காந்தப்புலத்தில் சிக்கி ஒரே சமயத்தில் வளைகின்றன. வளையும்போது மிகப் பலமான ரேடியோ அலை ஒன்று பிறந்து தரைக்கு வருகிறது. அதுதான் துடிப்பு. ஆங்கில எழுத்துகளைச் சேர்த்து இ.எம்.பி. என்பார்கள்.

அது மூன்று கட்டமாக வரும். முதல் கட்டம் ஒரு நொடியில் நூறு கோடியில் சில பங்கு நேரத்துக்குள் உச்சத்தைத் தொட்டுவிடும். சர்வதேசத் தர அளவுகள் இதற்கு மீட்டருக்கு 50,000 வோல்ட் என்று எண் வைத்திருக்கின்றன. சிறிய எலக்ட்ரானிக் சில்லுகளுக்கு எமன் இதுதான். இரண்டாம் கட்டம் மின்னலைப் போன்றது. மூன்றாவது மெதுவானது, நொடிகள் முதல் நிமிடங்கள் வரை நீடிக்கும். நீளமான மின்பாதைகளில் அது ஒரு நேர்மின்னோட்டத்தைத் தூண்டிவிடும், பெரிய டிரான்ஸ்பார்மர்கள் அதில் சூடாகிப் பாதிக்கப்படலாம்.

இதெல்லாம் கதையா, நிஜமாக நடந்திருக்கிறதா?

நடந்திருக்கிறது. 1962 ஜூலை 9-ல் அமெரிக்கா பசிபிக் கடலில் ஜான்ஸ்டன் தீவுக்கு மேலே, 400 கிலோமீட்டர் உயரத்தில் 1.4 மெகாடன் குண்டு ஒன்றை வெடித்துப் பார்த்தது. 'ஸ்டார்ஃபிஷ் பிரைம்' என்பது அந்தச் சோதனையின் பெயர். அங்கிருந்து ஏறத்தாழ 1,450 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ஹவாய் தீவுகளில் சுமார் 300 தெருவிளக்குகள் அணைந்தன. திருட்டு எச்சரிக்கை மணிகள் தாமாக அலறின. தீவுகளுக்கிடையிலான தொலைபேசி இணைப்பு ஒன்றும் கெட்டது. அடுத்த நாள் ஏவப்பட்ட டெல்ஸ்டார் செயற்கைக்கோள், இந்த வெடிப்பு விட்டுப்போன கதிர்வீச்சில் அடிபட்டுச் சில மாதங்களில் செத்துப்போனது.

அதே ஆண்டு அக்டோபர் 22-ல் சோவியத் ஒன்றியம் கஜகஸ்தானுக்கு மேல் 290 கிலோமீட்டர் உயரத்தில் ஒரு சோதனை நடத்தியது. அது மக்கள் வாழும் நிலத்துக்கு மேலே நடந்தது. 570 கிலோமீட்டர் நீளத் தொலைபேசிப் பாதையில் ஃபியூஸ்கள் எரிந்தன. மண்ணுக்குள் புதைத்திருந்த மின்கம்பியிலும் மின்னோட்டம் பாய்ந்தது, கரகண்டா மின்நிலையத்தில் தீப்பிடித்தது. குண்டின் அளவு அமெரிக்கக் குண்டில் கால்பங்குகூட இல்லை என்பதைக் கவனியுங்கள்.

1963-ல் வந்த சோதனைத் தடை ஒப்பந்தத்துக்குப் பிறகு அதில் சேர்ந்த நாடுகள் வான்வெளிச் சோதனைகளை நிறுத்திக்கொண்டன. அதனால் இன்று நம்மிடம் இருக்கும் நேரடி அனுபவம் பெரும்பாலும் வால்வு ரேடியோ காலத்துச் சாதனங்களைப் பற்றியதுதான். இன்றைய சில்லுகள் என்னாகும் என்பது ஆய்வகத்தில் சின்ன அளவில் செய்து பார்த்துச் சொல்கிற கணக்கு.

ஒரு குண்டு எவ்வளவு தூரத்தைப் பாதிக்கும்?

வெடிக்கும் புள்ளியிலிருந்து தரை எதுவரை நேராகத் தெரியுமோ அதுவரை. பூமியின் ஆரத்தை வைத்து நீங்களே போட்டுப் பார்க்கலாம்: 100 கிலோமீட்டர் உயரமென்றால் சுற்றிலும் ஏறக்குறைய 1,100 கிலோமீட்டர், 400 என்றால் 2,200. தர்மபுரிக்கு நேர் மேலே 400 கிலோமீட்டரில் வெடித்தால் டெல்லியும் அந்த வட்டத்துக்குள் வந்துவிடும். ஆனால் வட்டத்துக்குள் எல்லா இடத்திலும் ஒரே பலம் இருக்காது. ஹவாயில் பெரும்பாலான விளக்குகள் எரிந்துகொண்டுதான் இருந்தன.

மனிதர்களுக்கு என்ன ஆகும்?

துடிப்பு உடம்பை நேரடியாக ஒன்றும் செய்யாது. இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள், மின்சாரத்தில் ஓடும் மருத்துவக் கருவியை நம்பி இருப்பவர்கள், இவர்களுக்குத்தான் ஆபத்து. மற்றவர்களுக்குத் தொல்லை அதற்குப் பிறகு, தண்ணீர் வராமல் போவதில் தொடங்குகிறது.

சூரியப் புயல் என்கிறார்களே, அதுவும் இதுவும் ஒன்றா?

மேலே சொன்ன மூன்றாவது கட்டத்துக்கு மட்டும் சூரியப் புயல் உறவு. சில்லுகளை எரிக்கும் முதல் கட்டம் அதில் கிடையாது.

1859 செப்டம்பரில் வந்த பெரிய புயலில் தந்தி ஊழியர்களுக்கு ஷாக் அடித்தது. சில இடங்களில் பேட்டரியைக் கழற்றிவிட்டும் தந்தி ஓடியது. 1989 மார்ச் 13-ல் கனடாவின் கியூபெக் மாகாணத்தில் சுமார் 90 நொடிக்குள் மின்தொகுப்பு மொத்தமும் சரிந்து, 60 லட்சம் பேர் ஒன்பது மணிநேரம் இருட்டில் இருந்தார்கள். அதே புயலில் சேலம் அணுமின் நிலையத்தின் டிரான்ஸ்பார்மர் ஒன்று கெட்டது. நம் பக்கத்துச் சேலத்தை நினைத்துவிடாதீர்கள், அது அமெரிக்காவின் நியூஜெர்சியில் இருக்கும் சேலம்.

நாம் நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில், 12 டிகிரியில் இருக்கிறோம். கனடாவுக்கு வரும் அளவு அடி நமக்கு வராது. சூரியனைக் கவனிக்க நம்மிடம் ஆட்களும் இருக்கிறார்கள். கொடைக்கானல் சூரிய ஆய்வகம் 1899-லிருந்து இயங்குகிறது. 2023 செப்டம்பர் 2-ல் ஏவிய ஆதித்யா எல்-1 விண்கலம் 15 லட்சம் கிலோமீட்டர் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருக்கிறது. சூரியப் புயலுக்கு ஒன்றிரண்டு நாள் முன்னறிவிப்பு கிடைக்கலாம். குண்டுக்கு அது கிடையாது. தயாரிப்பு வேலை இரண்டுக்கும் பாதி பொதுவானது என்பதால்தான் பல நாடுகள் இரண்டையும் சேர்த்து யோசிக்கின்றன.

அமெரிக்கா என்ன கொள்கை வைத்திருக்கிறது? அங்கேதானே இதைப் பற்றி அதிகம் பேசுகிறார்கள்?

அங்கேதான் இது வெளிப்படையாக நிறையப் பேசப்பட்டது. நாடாளுமன்றம் 2001-ஆம் நிதியாண்டுக்கான ராணுவச் சட்டத்தின் வழியாக ஒரு தனி ஆணையம் அமைத்தது. அது 2004-லும் 2008-லும் அறிக்கை கொடுத்தது. 2008 அறிக்கையைத்தான் நான் முக்கியமாகச் சொல்வேன். மின்சாரம், தொலைத்தொடர்பு, வங்கி, எரிபொருள், போக்குவரத்து, உணவு, தண்ணீர் என்று ஒவ்வொன்றாக எடுத்து, ஒன்று விழுந்தால் அடுத்தது எப்படி விழும் என்று காட்டியது.

2019 மார்ச் 26-ல் அதிபர் 13865-ஆம் எண் ஆணையில் கையெழுத்திட்டார். எந்தத் துறை எதற்குப் பொறுப்பு, யார் ஆபத்தை மதிப்பிட வேண்டும், யார் சோதனை செய்ய வேண்டும், எத்தனை நாளில் அறிக்கை தர வேண்டும் என்றெல்லாம் அதில் இருந்தது. அதன் பெரும்பகுதியை அடுத்த பட்ஜெட் ஆண்டின் ராணுவச் சட்டம் சட்டமாகவே ஆக்கியது. தனியார் மின்நிறுவனங்களைக் கட்டாயப்படுத்துவதில்தான் அங்கே இழுபறி. சூரியப் புயலைத் தாங்க வேண்டும் என்று மின்நிறுவனங்களுக்கு விதி இருக்கிறது. அணுத் துடிப்பைத் தாங்க வேண்டும் என்று அதே மாதிரி பொது விதி இல்லை.

நிபுணர்களுக்குள்ளும் ஒற்றுமை கிடையாது. ஆணையத்தில் இருந்தவர்கள் நாடே முடங்கிப்போகும் என்றார்கள். அந்நாட்டு மின்துறையின் ஆய்வு நிறுவனம் 2019-ல் வெளியிட்ட அறிக்கை வேறு மாதிரி சொன்னது. பல மாநிலங்களில் மின்தடை வரலாம், கோளாறு வந்தால் மின்பாதையைத் துண்டிக்கும் பாதுகாப்பு ரிலேக்கள் கெடலாம், ஆனால் பெரிய டிரான்ஸ்பார்மர்கள் கூட்டமாக எரிந்துபோகும் வாய்ப்பு குறைவு என்றது. "10-ல் 9 பேர் செத்துவிடுவார்கள்" என்று வருகிற செய்தியையும் இந்த இடத்தில் சொல்லிவிடுகிறேன். அது அளந்து எடுத்த கணக்கு இல்லை, ஒரு வருடம் முழுக்க மின்சாரமே திரும்பாவிட்டால் என்று வைத்துப் போட்ட ஊகம்.

சரி, இந்தியாவில்?

அமெரிக்க ஆணையைப் போல, மின்காந்தத் துடிப்புக்கென்று வெளியிடப்பட்ட தேசிய ஆணை இங்கே இல்லை. அதற்காக ஒன்றுமே இல்லை என்றும் சொல்ல முடியாது, துண்டு துண்டாக இருக்கிறது.

மேல்மட்டத்தில் ஒப்பந்தங்கள். 1963 சோதனைத் தடை ஒப்பந்தத்தில் இந்தியா சேர்ந்திருக்கிறது. விண்வெளியில் அணுகுண்டை நிறுத்தி வைக்கக் கூடாது என்ற 1967 விண்வெளி ஒப்பந்தத்திலும் சேர்ந்திருக்கிறது. அந்த ஒப்பந்தம் இன்று கொஞ்சம் ஆட்டம் கண்டிருக்கிறது. 2024 ஏப்ரல் 24-ல் அதை வலியுறுத்தி ஐ.நா. பாதுகாப்பு அவையில் வந்த தீர்மானத்தை ரஷ்யா வீட்டோ செய்து தடுத்தது. நாங்களாக முதலில் அணு ஆயுதத்தைப் பயன்படுத்த மாட்டோம், எங்கள் மேல் பயன்படுத்தினால் கடுமையாகத் திருப்பி அடிப்போம் என்பது இந்தியா 2003 ஜனவரியில் அறிவித்த கொள்கை. யாரும் துணியாமல் தடுப்பதற்கு அதுதான் முதல் வேலி.

உள்நாட்டில் 2005-ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டம் இருக்கிறது. அதன்படி அமைந்த தேசிய ஆணையம் 2009-ல் அணு மற்றும் கதிரியக்க அவசரநிலைகளுக்கு வழிகாட்டுதல் வெளியிட்டது. கதிர்வீச்சுப் பாதிப்பு, மருத்துவம், மீட்பு இவைதான் அதன் மையம். மின்சாரம், தொலைத்தொடர்பு, வங்கி மாதிரியான முக்கியத் தகவல் கட்டமைப்புகளைக் காக்க 2014-ல் ஒரு தேசிய மையம் வந்தது. மத்திய மின்சார ஆணையம் 2021-ல் மின்துறைக்குச் சைபர் பாதுகாப்பு வழிகாட்டுதல் கொடுத்தது. இவை ஹேக்கர்களை மனதில் வைத்து எழுதியவை. கம்பி வழியாகவும் காற்று வழியாகவும் வரும் துடிப்புக்கு அவை போதாது. ராணுவத் தளவாடங்களுக்கு மின்காந்தச் சோதனை உண்டு, அதற்கான ஆய்வகங்களும் உண்டு. சென்னை தரமணியில் இருக்கும் சமீர் மையம் அவற்றில் ஒன்று.

ஆக, ராணுவத்துக்குப் பாதுகாப்பு யோசிக்கப்படுகிறது. ஊர்க் குடிநீர் பம்புக்கு அதை யோசிக்கும் வேலை யாருக்கும் தெளிவாகக் கொடுக்கப்படவில்லை. பாதுகாப்பு மத்திய அரசின் கையில், மின்சாரம் இருவர் கையிலும், தண்ணீர் மாநிலத்தின் கையில். மூன்றும் சந்திக்கிற இடத்தில் ஒரு நாற்காலி காலியாக இருக்கிறது, என் கவலை அதைப் பற்றித்தான்.

இதெல்லாம் நடக்கிற காரியமா? எதற்கு வீணாக பயப்பட வேண்டும்?

நம் வாழ்நாளில் நடக்காமலே போகலாம். நான் பயப்படச் சொல்லவில்லை. நான் கீழே சொல்லப்போகும் ஒவ்வொரு தயாரிப்பும் புயலுக்கும் வெள்ளத்துக்கும் மின்தொகுப்புச் சரிவுக்கும் உதவும். 2012 ஜூலை 30, 31 தேதிகளில் வட, கிழக்கு, வடகிழக்கு இந்தியாவில் 60 கோடிப் பேருக்கு மேல் மின்சாரம் இல்லாமல் இருந்தார்கள். அப்போது தெற்கு மின்தொகுப்பு தனியாக இருந்ததால் நாம் தப்பினோம். 2013 டிசம்பர் 31-ல் ராய்ச்சூர்–சோலாப்பூர் பாதை வழியாக நாமும் ஒரே தொகுப்பில் இணைந்துவிட்டோம். அதனால் பல நன்மைகள் வந்தன. எங்கோ விழும் அடி இங்கேயும் வந்து தெரியும் என்பது அதன் மறுபக்கம்.

நம் இரண்டு மாவட்டத்துக்கு மட்டும் இதில் தனியாக என்ன இருக்கிறது? இங்கே ராணுவத் தளம்கூட இல்லையே?

ஃப்ளோரைடு இருக்கிறது.

தர்மபுரி, கிருஷ்ணகிரி நிலத்தடி நீரில் பல இடங்களில் ஃப்ளோரைடு அளவுக்கு மேல் இருப்பது எல்லோருக்கும் தெரியும். குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை நல்லது, வேறு வழியில்லை என்றால் 1.5 வரை என்பது இந்தியத் தரம். அதற்கு மேல் போனால் பல்லில் பழுப்புக் கோடு விழும், வருடக்கணக்கில் குடித்தால் எலும்பும் மூட்டும் இறுகும். என் வகுப்பில் நன்றாகப் படிக்கிற பிள்ளைகள் சிரிக்கும்போது கையால் வாயை மறைத்துக்கொள்வார்கள். பதில் சொல்லக்கூட வாயைத் திறக்கக் கூச்சப்பட்ட பெண் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். எங்கள் பெரியம்மா கடைசி சில வருடங்கள் முதுகை நிமிர்த்தவே முடியாமல் இருந்து இறந்தார்.

ஜப்பான் நாட்டுக் கடனுதவியோடு 2008-ல் அடிக்கல் நாட்டி, 2013 மே 29-ல் தொடங்கி வைத்த ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் இதற்குத்தான் வந்தது. அதன் பெயரிலேயே ஃப்ளோரைடு பாதிப்புத் தணிப்பு என்று இருக்கிறது. அதற்குப் பிறகு பள்ளிக்கு வந்த சின்ன வகுப்புப் பிள்ளைகளின் பற்களைப் பார்த்து நான் பட்ட சந்தோஷத்தை எழுதத் தெரியவில்லை.

இப்போது நிலத்தின் வடிவத்தை நினைத்துப் பாருங்கள். காவிரி ஒகேனக்கல்லில் பள்ளத்தில் ஓடுகிறது. நாம் எல்லோரும் மேட்டில் இருக்கிறோம். ஓசூர் கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரம். அத்தனை தண்ணீரையும் ஆற்றிலிருந்து எடுத்து, சுத்திகரித்து, படிப்படியாக மேலே ஏற்றுவது மின்மோட்டார்கள்தான். டெல்டாக்காரருக்கு ஆறும் வாய்க்காலும் தானாக வரும். சென்னைக்கு லாரியாவது ஓடும். நமக்கு மின்சாரம் நின்றால் நல்ல தண்ணீர் நிற்கிறது, நாம் மறுபடி பழைய கைப்பம்புக்குப் போகிறோம். அந்தக் கைப்பம்பில்தான் ஃப்ளோரைடு வருகிறது.

2024 டிசம்பர் தொடக்கத்தில் ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. என் தங்கை வீடு அங்கேதான். வாசல்வரை வெள்ளம், குழாயில் நான்கு நாள் ஒரு சொட்டு இல்லை. கேனும் தூக்குமாகப் பேருந்தில் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தோம். அது மழைக்காலம், ஒரு பகுதி மட்டும். ஏப்ரல் மாதத்தில், இரண்டு மாவட்டத்துக்கும், நான்கு வாரத்துக்கு என்று யோசித்துப் பார்த்தபோதுதான் இந்தப் பக்கத்தை எழுத உட்கார்ந்தேன்.

பம்ப் மோட்டார் எல்லாம் எரிந்துவிடுமா வாத்தியாரே?

மோட்டார் என்பது தாமிரக் கம்பியும் இரும்பும். அது முரட்டு ஆள், பெரும்பாலும் தப்பிவிடும். பழைய ஸ்டார்ட்டர் பெட்டி, அதில் உள்ள காயில், ரிலே இவையும் ஓரளவு தாங்கும். அதைச் சுற்றி நாம் இப்போது சேர்த்திருக்கும் எலக்ட்ரானிக் மூளைதான் பலவீனம்: வேகத்தைக் கட்டுப்படுத்தும் டிரைவ், தொட்டி மட்டத்தைச் சொல்லும் சென்சார், கட்டுப்பாட்டு அறைக் கணினி, சிம் கார்டு போட்ட பெட்டி. இவற்றோடு இணைந்திருக்கும் நீளமான கம்பிகள் ஆன்டெனா மாதிரி வேலை செய்து துடிப்பை உள்ளே கூட்டிக்கொண்டு வரும். சாதாரண இடிதாங்கி மின்னலின் வேகத்துக்குச் செய்தது. துடிப்பின் முதல் கட்டம் அதைவிடப் பல மடங்கு வேகமாக ஏறும்.

அதனால் எனக்குத் தோன்றுவது இதுதான்: தானியங்கி வசதி இருக்கட்டும், பக்கத்திலேயே கையால் இயக்கும் வழி ஒன்றும் கெடாமல் இருக்கட்டும். வால்வைக் கையால் திருக முடிய வேண்டும், மோட்டாரைக் கணினி இல்லாமல் ஓட்ட முடிய வேண்டும். அதைச் செய்யத் தெரிந்த டேங்க் ஆபரேட்டர் ஒவ்வொரு ஊரிலும் இருக்க வேண்டும். அவர்களுக்குக் கொடுக்கும் சம்பளத்தையும் பயிற்சியையும் பார்த்தால் இந்த வேலையின் மதிப்பு அரசுக்குப் புரியவில்லை என்றே நினைக்கிறேன்.

டீசல் ஜெனரேட்டர் வைத்தால் போதாதா?

ஊர் மேல்நிலைத் தொட்டிக்குப் போதும். 2018 நவம்பரில் கஜா புயலுக்குப் பிறகு டெல்டாவில் ஜெனரேட்டரைக் கொண்டுபோய்த்தான் தொட்டிகளை நிரப்பினார்கள். ஆனால் ஒகேனக்கல்லில் ஆற்றிலிருந்து ஏற்றுகிற பெரிய மோட்டார்களை வாடகை ஜெனரேட்டரால் நாள்கணக்கில் ஓட்ட முடியாது. டீசலும் ஒரு சங்கிலிதான், பங்க்கில் டீசலை மேலே இழுப்பதும் மின்மோட்டார். புது ஜெனரேட்டர்களில் எலக்ட்ரானிக் கட்டுப்பாட்டுப் பெட்டி வேறு இருக்கிறது. கிரிட்டிலிருந்து கழற்றி, தகரச் சுவருள்ள அறையில், உதிரிக் கட்டுப்பாட்டுப் பலகையோடு வைத்திருந்தால்தான் நம்பலாம்.

அரசாங்கம் எதை முதலில் பாதுகாக்க வேண்டும்? எல்லாவற்றுக்கும் பணம் எங்கே?

எல்லாவற்றையும் காக்க முடியாது. மின்தொகுப்பு முழுவதையும் துடிப்புக்குத் தாங்கும்படி மாற்றுவது எந்த நாடும் முடிக்காத வேலை. 400 கிலோவோல்ட் டிரான்ஸ்பார்மர் ஒன்று 100 டன்னுக்கு மேல் எடை. ஆர்டர் கொடுத்தால் வந்து சேர ஒரு வருடம்கூட ஆகும். தொப்பூர் கணவாயில் அப்படி ஒன்றை ஏற்றிய டிரெய்லர் ஊர்ந்து போவதைப் பார்த்தவர்களுக்கு அந்த வேலையின் கனம் தெரியும். அதைக் காப்பது மத்திய மின்துறையின் பொறுப்பு, உதிரி டிரான்ஸ்பார்மர்களை அந்தந்த மண்டலத்தில் வைத்திருப்பதும் அவர்கள் வேலை.

நம் மாவட்ட அளவில் நான் கேட்பது சின்னது. ஒகேனக்கல் நீரேற்று நிலையம் முதல் ஊர்த் தொட்டி வரை உள்ள சங்கிலியில், எது கெட்டால் மொத்தமும் நிற்கும் என்று ஒரு முறை நடந்து பார்த்துப் பட்டியல் எடுக்க வேண்டும். அந்தக் கட்டுப்பாட்டுப் பெட்டிகளுக்கு இரண்டாவது செட் வாங்கி, கம்பி எதிலும் இணைக்காமல், இடைவெளி இல்லாமல் மூடும் உலோகப் பெட்டியில் வைக்க வேண்டும். கட்டுப்பாட்டு அறைக்குள் நுழையும் கம்பிகளுக்கு வேகமான பாதுகாப்புச் சாதனம் போட வேண்டும். தரை இணைப்பு ஒழுங்காக இருக்கிறதா என்று வருடம் ஒருமுறை அளக்க வேண்டும். பாலம் கட்டுகிற பணமெல்லாம் இதற்கு ஆகாது.

ஓசூர் தொழிற்சாலைகளுக்கு?

அவர்களிடம் இன்ஜினீயர்களும் பணமும் இருக்கிறார்கள், இருக்கிறது. அவர்களே பார்த்துக்கொள்வார்கள். ஒன்று மட்டும்: ஒடிசாவின் தால்ச்சரிலிருந்து கோலார் வரை வரும் நேர்மின் பாதையின் மின்சாரம், அங்கிருந்து 400 கிலோவோல்ட் பாதையில் ஓசூருக்கும் வருகிறது. நீளமான பாதையின் முனையில் இருப்பவர்கள் மூன்றாம் கட்டத் துடிப்பைப் பற்றி மின்வாரியத்திடம் பேசுவது நல்லது.

போர்வெல் தண்ணீரை கொதிக்க வைத்துக் குடித்தால் ஃப்ளோரைடு போய்விடாதா?

போகாது. தண்ணீர் ஆவியாகிக் குறையும், ஃப்ளோரைடு அப்படியே நிற்கும். கொதிக்கக் கொதிக்க அடர்த்தி கூடும். இதைத் தயவுசெய்து வீட்டில் எல்லோருக்கும் சொல்லுங்கள். கிருமிக்குக் கொதிக்க வைப்பது சரி, ஃப்ளோரைடுக்கு அது எதிர்வேலை.

மின்சாரமே இல்லாமல் ஃப்ளோரைடைக் குறைக்க ஒரு வழி இருக்கிறது. நாக்பூரில் உள்ள நீரி நிறுவனம் உருவாக்கிய நல்கொண்டா முறை. படிகாரமும் சுண்ணாம்பும் அளவாகக் கலந்து, கலக்கி, தெளியவிட்டு மேல்நீரை எடுப்பது. ஒரு வாளியிலும் செய்யலாம். ஆனால் அளவு ஊருக்கு ஊர் மாறும், தண்ணீரைச் சோதித்து ஆய்வகம் சொல்லும் அளவில்தான் போட வேண்டும். ஒவ்வொரு ஊராட்சிக்கும் அந்த அளவை இப்போதே எடுத்து எழுதி வைத்திருந்தால் அவசரத்தில் கைகொடுக்கும்.

அதைவிடச் சுலபம் மழைநீர். அதில் ஃப்ளோரைடு தொல்லை இல்லை. 2003-ல் கட்டாயமாக்கிய மழைநீர் சேகரிப்பு பல வீட்டில் பெயருக்கு ஒரு குழாயாக நிற்கிறது. பள்ளி, அங்கன்வாடி, ஆரம்ப சுகாதார நிலையம் இவற்றின் கூரைத் தண்ணீரை மூடிய தொட்டியில் பிடித்து வைத்தால், சமையலுக்கும் குடிப்பதற்கும் சில வாரம் ஓடும்.

"இன்றிரவு 12.30 முதல் 3.30 வரை காஸ்மிக் கதிர் வருகிறது, போனை தூர வையுங்கள்" என்று வந்ததே, அது இதுதானா?

இல்லை. அது பல வருடமாகச் சுற்றும் பொய்ச் செய்தி. வந்தால் அழித்துவிடுங்கள், அனுப்பியவருக்கும் சொல்லுங்கள்.

செல்போனை பிஸ்கட் டின்னில் போட்டு வைத்தால் தப்புமா?

மூடி சுற்றிலும் உலோகத்தோடு உலோகமாக ஒட்டினால் ஓரளவு தப்பும். உள்ளே அட்டை வைத்து, போன் தகரத்தைத் தொடாமல் இருக்க வேண்டும். ஆனால் டவர் வேலை செய்யாவிட்டால் போனை வைத்து என்ன செய்வீர்கள்? டின்னில் வைப்பதென்றால் ஒரு சின்ன ரேடியோவையும் டார்ச் லைட்டையும் வையுங்கள். பீரோவை நம்ப வேண்டாம், கதவிடுக்கு பெரியது.

வீட்டளவில் வேறு என்ன?

ஆளுக்கு ஒரு நாளைக்கு ஐந்து லிட்டர் கணக்கில் ஒரு வாரத்துக்குக் குடிக்கவும் சமைக்கவும் தண்ணீர், மூடிய பாத்திரத்தில், மாற்றி மாற்றி. சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரை இரண்டு வாரத்துக்கு. கொஞ்சம் ரொக்கம், ஏனென்றால் ஜிபே இருக்காது. உணவைப் பற்றி நம் ஊரில் நான் அதிகம் கவலைப்படவில்லை. கேழ்வரகு வருடக்கணக்கில் கெடாது, கல் எந்திரம் இன்னும் பல வீட்டு மூலையில் கிடக்கிறது, களி கிண்டத் தெரிந்த கைகளும் இருக்கின்றன.

இதை யாரிடம் போய் கேட்பது? கலெக்டரிடமா?

ஆமாம், அவரிடம்தான். பேரிடர் மேலாண்மைச் சட்டப்படி மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் தலைவர் ஆட்சியர். மாவட்டத்துக்கு ஒரு திட்டம் எழுதி வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும் என்று அந்தச் சட்டமே சொல்கிறது. பத்து ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்டப்படி மனு போட்டு அந்தத் திட்டத்தைக் கேட்டு வாங்கலாம். நீண்ட மின்தடையில் குடிநீர் என்ற தலைப்பு அதில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் சேர்க்கச் சொல்லுங்கள். 'மின்காந்தத் துடிப்பு' என்று எழுதினால் மனு எந்த மேசைக்குப் போவதென்று தெரியாமல் சுற்றும். "மின்சாரம் 15 நாள் இல்லாவிட்டால் ஒகேனக்கல் குடிநீர் எப்படி வரும்?" என்று எழுதினால் குடிநீர் வாரியமும் மின்வாரியமும் பதில் சொல்லியாக வேண்டும்.

கிராம சபையிலும் எழுப்பலாம். மார்ச் 22 உலகத் தண்ணீர் நாள் கிராம சபை இதற்குப் பொருத்தமான நாள். நான்கு கேள்விகளை ஒரு தாளில் எழுதி வைத்திருக்கிறேன்: நம் ஊர்த் தொட்டியைக் கையால் இயக்க வழி இருக்கிறதா, உதிரி ஸ்டார்ட்டர் எங்கே இருக்கிறது, அருகில் ஜெனரேட்டர் யாரிடம் இருக்கிறது, நம் போர்வெல் தண்ணீரில் ஃப்ளோரைடு எவ்வளவு. எங்கள் ஊராட்சியில் நான் இதை வாசிக்கப் போகிறேன். உங்கள் ஊரில் வாசிக்க வேண்டுமென்றால் அந்தத் தாளின் நகல்கள் நூலகத்தில், நாளிதழ் மேசைக்குப் பக்கத்தில் இருக்கின்றன.